மல்லாட்டை போடாத பிஸ்கட்

விழுப்புரம்
4 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். வேறு எதற்கும் இல்லை. ரோஜா இறங்கி வந்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

புயல் மழை கொட்டிய நாளிலிருந்து அண்ணன் போன் அணைந்தே கிடக்கிறது. திண்டிவனத்தில் முழங்காலளவு தண்ணீர் என்கிறார் ஒருவர், இடுப்பளவு என்கிறார் இன்னொருவர். கழுத்தளவு என்று சொல்ல ஒருவர் வருவதற்குள் நானே கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். உங்களுக்குப் போன் போட முடியாது. போன கிறிஸ்துமஸ் அன்று திண்டிவனம் ஆஸ்பத்திரி வராண்டாவில், அத்தனை பேர் முன்னால், "உன் குரல் இனிமே என் காதுல விழக்கூடாது, மாதா மேல சத்தியம்" என்று சொன்னது நீங்கள்தான். சொன்ன கையோடு என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். சத்தியம் குரலுக்குத்தானே, எழுத்துக்கு இல்லையே. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

இவருக்கு இப்போது திண்டிவனம் வண்டியில் டியூட்டி போட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடை செல்வகுமாரிடம் கொடுத்துவிட்டுப் போவார். பதில் எழுதினால் அங்கேயே கொடுத்து வையுங்கள். கண்டக்டர் பையோடு தபால்காரர் பையும் சேர்ந்துகொண்டது என்று இப்போதே புலம்புகிறார்.

எங்கள் வீட்டில் கூடத்துக்குள் தண்ணீர் வந்தது. தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நாங்கள் மூவரும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தைக்கக் கொடுத்த பிளவுஸ் ஒன்றும் நனையவில்லை. நனைந்திருந்தால் நான் ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்.

அஸ்வினி நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். டிசம்பர் பிறந்ததும் "அம்மா, அத்தை எப்போ பிஸ்கட் சுடும்?" என்று ஆரம்பித்துவிட்டாள். இந்த வருடம் நம் வீட்டில் பிஸ்கட் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும்.

ரோஜா

~

திண்டிவனம்
6 டிசம்பர் 2024

ரோஜாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறோம். அவ்வளவு சீக்கிரம் உனக்கு விடுதலை கிடைத்துவிடாது.

தண்ணீர் அடுப்பங்கரை வரைக்கும் வந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனது. உன் அண்ணன் சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டு ஆட்டைத் தூக்கப் போனார். ஆடு பிழைத்துக்கொண்டது, போன் பிழைக்கவில்லை. இப்போது ரைஸ் மில்லில் நனைந்த மூட்டைகளைப் பிரித்துக் காயவைக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் குப்புற விழுந்து தூங்குகிறார்.

நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ இரண்டு வரி கேட்டாய், நானோ ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்தவள்.

போன வருடம் டிசம்பரில் நீ போன் பண்ணினாய். பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த மல்லாட்டைச் சட்னியைச் சாப்பிட்டு அஸ்வினிக்கு முகம் வீங்கிவிட்டது, வேர்க்கடலை அலர்ஜி, இனிமேல் அவள் வாயில் மல்லாட்டை படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாய். நம் வீட்டு பிஸ்கட்டே மல்லாட்டை பிஸ்கட். உங்கள் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். கண்டாச்சிபுரத்தில் தீபாவளிக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஞானஸ்நானம் வாங்கி, பிஸ்கட் சுடவும் கற்றுக்கொண்டேன். சரி, பிள்ளைக்குத் தனியாகச் சுடுகிறேன் என்று சொன்னேன். சொன்னபடிதான் செய்தேன்.

மல்லாட்டையை வறுப்பதற்கு முன்னாலேயே அவளுக்கான மாவைத் தனிக் குண்டானில் பிசைந்து மூடிவிட்டேன். காதர் பாய் பேக்கரிக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். உனக்குத் தெரியாததா, கிறிஸ்துமஸ் வாரத்தில் பாய் ரொட்டியை எடுத்ததும் அந்தச் சூட்டிலேயே நம் கோவில்காரர்கள் எல்லோரும் வரிசையாக பிஸ்கட் சுட்டுக்கொள்வோம். தட்டு மாறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அச்சு. நம்முடையது பீரோ சாவி. அஸ்வினியுடையது தனியாகத் தெரியட்டும் என்று புதுச் சீப்பு வாங்கி, அதன் பல்லால் கோடு அழுத்தினேன். டின்னை மூடிக் குடில் முன்னால் வைத்தேன். பூசை முடிகிற வரைக்கும் யாரும் வாயில் வைக்க மாட்டோம், அதுதானே நம் வீட்டு வழக்கம். பூசை முடிந்து வந்ததும் முதல் பிஸ்கட்டை என் கையால் அவளுக்குக் கொடுத்தேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நீ என்னைப் பார்த்து, "ஒரு புள்ள பெத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாய். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அதற்காகத்தான் சத்தியம் பண்ணினேன்.

ஆனால் அதைவிட இன்னொன்று என்னைத் தின்கிறது. அந்த மாவில் மல்லாட்டை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கையைச் சரியாகக் கழுவவில்லையா, பழைய சல்லடையை எடுத்துவிட்டேனா, நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் நானேதான் அந்தப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன் என்று தோன்றிவிடும். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

பிள்ளை கேட்டாள் என்று எழுதினாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்சவள்ளி

~

விழுப்புரம்
9 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

ஆடு பிழைத்த கதையைப் படித்துவிட்டு இவர் வண்டியிலேயே சிரித்தாராம். அப்படியென்றால் கடிதத்தை வழியிலேயே பிரித்துப் படித்திருக்கிறார். இனிமேல் பசை போட்டு ஒட்டி அனுப்புங்கள்.

அந்த வார்த்தையைச் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் என் நிலையில் நின்று பாருங்கள். ஆட்டோவில் மடியில் கிடந்த பிள்ளை "அம்மா, கழுத்துக்குள்ள என்னமோ அடைச்சிக்கினு இருக்கு" என்கிறாள். உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு கீச்சுக்கீச்சென்று வருகிறது. டாக்டர்கள் ஓடி வந்து ஊசி போட்டுக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வெளியே வந்தால் எதிரில் நீங்கள் நிற்கிறீர்கள். மாதாவே நின்றிருந்தாலும் திட்டியிருப்பேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இப்போது எனக்கு எழுத வரவில்லை.

ஆனால் நீங்களே எழுதிவிட்டீர்கள், எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று. எனக்கும் அதுதான் நெஞ்சில் நிற்கிறது. நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அன்றைக்கே தெரியும். ஆனால் வந்தது வந்ததுதானே. எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். தெரியாத தப்பை நம்பி என் பிள்ளையை எப்படி உங்கள் வீட்டுக்கு அனுப்புவேன்? அண்ணன் வீட்டுக் கிறிஸ்துமஸ் இல்லாமல் எனக்கு மட்டும் நன்றாகவா இருக்கிறது? இந்த ஒரு கேள்விதான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு விஷயம். சிரிக்கக்கூடாது. அஸ்வினி அழுகிறாளே என்று நானே பிஸ்கட் சுட்டுப் பார்த்தேன். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி நன்றாக அடித்துப் பிசைந்து, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டேன். இவர் ஒன்றைக் கடித்துவிட்டு, கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று இன்னும் தாடையைப் பிடித்துக்கொண்டு திரிகிறார். தெரு நாய்க்கு ஒன்று போட்டேன். அது மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாயிடம் பட்ட அவமானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அளவு எழுதி அனுப்புங்கள். அளவு மட்டும் போதும்.

ரோஜா

~

திண்டிவனம்
12 டிசம்பர் 2024

ரோஜாவுக்கு,

சிரிக்கக்கூடாது என்றால் சிரிக்கிற மாதிரி எழுதக்கூடாது. உன் அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நாய் கதையைப் படித்துக் காட்டினேன். "அந்த நாய்க்கு நல்ல காலம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

பிஸ்கட் மாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. நீ சொம்பைக் கவிழ்த்திருப்பாய். டால்டாவையும் பொடித்த சர்க்கரையையும் உள்ளங்கையால் வெள்ளையாக நுரைக்கிற வரைக்கும் தேய்க்க வேண்டும். பிறகு முட்டை, ஏலக்காய். கடைசியில்தான் மைதா. மாவு போட்ட பிறகு பிசையவே கூடாது, சும்மா சேர்த்துப் பிடிக்க வேண்டும். அடித்துப் பிசைந்தால் கல்லாகத்தான் போகும். வருடா வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். டம்ளரால் வட்டம் வெட்டினதும் ஊர்க்கதை பேசினதும் தவிர வேறு எதையாவது பார்த்தாயா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் படி.

எப்படி மல்லாட்டை வந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இனிமேல் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. அதனால் பதில் தேடுவதை விட்டுவிட்டு வேறு யோசித்தேன். வெள்ளத்தில் அடுப்பங்கரை முழுக்க நனைந்துபோனதில் சுவர் வரைக்கும் கழுவிவிட்டாயிற்று. இருந்த மல்லாட்டையையும் மல்லாட்டை எண்ணெய்ச் செம்பையும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். புதுக் குண்டான், புதுச் சல்லடை, பிரிக்காத மைதா, நெய். பேக்கரிக்கே போக மாட்டேன். கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, குக்கர் அடியில் உப்பைக் கொட்டிக் காயவைத்தால் வீட்டிலேயே பிஸ்கட் சுடலாம் என்று பக்கத்துத் தெரு பானுப்ரியா போனில் காட்டினாள். நானும் இரண்டு தடவை சுட்டுப் பார்த்தேன், நன்றாக வருகிறது.

ஒரே ஒரு டின் அனுப்பட்டுமா? நீ கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பயமாக இருந்தால் குப்பையில் கொட்டிவிடு, நான் கேட்க மாட்டேன். நீயும் சொல்லாதே. ஆனால் என் கையால் செய்ததை அந்தப் பிள்ளை ஒரு தடவை தின்று, விளையாடப் போனாள் என்று நான் தெரிந்துகொண்டால் போதும். எனக்கு வேறு கிறிஸ்துமஸ் வேண்டாம்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. அதையும் தாங்கிக்கொள்வேன்.

அம்சவள்ளி

~

விழுப்புரம்
15 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

வேண்டாம் என்று எழுதி, கிழித்துப் போட்டேன். அனுப்புங்கள் என்று எழுதி, அதையும் கிழித்துப் போட்டேன். அஸ்வினியின் கோடு போட்ட நோட்டு பாதியாகிவிட்டது. ரெண்டாங்கிளாஸ் மிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் இப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. மறைக்க என்ன இருக்கிறது. போன வருடம் நடந்ததிலிருந்து அவள் யார் வீட்டில் எதைத் தின்றாலும் என் கண் அவள் உதட்டில்தான் இருக்கிறது. பிறந்தநாள் கேக் என்றால் பேஜார்தான். கோவிலில் கொடுக்கிற பொங்கலைக்கூட முதலில் நான் தின்று பார்க்கிறேன். உனக்குத்தான் ஒன்றும் ஆகாதே, நீ தின்று என்ன பிரயோஜனம் என்று இவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

அனுப்புங்கள். கொடுப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ரோஜா

~

திண்டிவனம்
19 டிசம்பர் 2024

ரோஜாவுக்கு,

டின் வருகிறது. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, அடுப்பங்கரைக்குள் உன் அண்ணனைக்கூட விடாமல் சுட்டேன். மில்லுக்குப் போகிற மனிதர் காபிக்கு வாசலில் நின்றார், அங்கேயே கொடுத்தேன். டின்னைச் சுற்றித் துணி தைத்திருக்கிறேன். தையல் பிரிந்திருந்தால் தொடாதே, தூக்கி எறிந்துவிடு. உன் வீட்டுக்கார அண்ணனிடம் டின்னை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன். பக்கத்தில் யாராவது மல்லாட்டை உரித்துத் தின்றால் இடம் மாறவும் சொல்வேன்.

பெரிதாக எழுத நேரம் இல்லை. வண்டி வந்துவிடும்.

அம்சவள்ளி

~

திண்டிவனம்
21 டிசம்பர் 2024, சனிக்கிழமை

ரோஜா,

ரோஜா, நான் செய்யவில்லை. என் கை இல்லை. முதலில் இதைப் படித்துவிடு, பிறகு மற்றதைச் சொல்கிறேன்.

பானுப்ரியாவுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மாமியார் ஊரில் இல்லை, பாய் பேக்கரிக்குத் துணைக்கு வாக்கா என்று கையைப் பிடித்து இழுத்தாள். இந்த ஒரு வருடத்தில் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சின்னப் பெண் கூப்பிடுகிறாளே என்று போனேன். காலையிலேயே நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் கோவிலுக்குப் பின்தெரு கிருஷ்ணவேணி அக்கா தாம்பாளத்தோடு நின்றுகொண்டு பாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. போன வருடம்தான் அது முதன்முதலாக நம் பாயிடம் சுட வந்தது.

"இந்த வாட்டியாவது ஒழுங்கா பாத்து எடுத்துக் குடு பாய். போன வருசம் அவ்ளோ மல்லாட்டையை வறுத்து, நைசா மாவா அரைச்சிப் போட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாத்தா வெறும் மைதா பிஸ்கட். பேருக்குக்கூட மல்லாட்டை இல்ல. எவளோ என் தட்டை எடுத்துக்கினு போயிட்டா" என்றது.

வரிசையை விட்டு முன்னால் போனேன். "உங்க அச்சு என்னாக்கா?" என்று கேட்டேன். அது முள்கரண்டியை எடுத்துக் காட்டியது. அதன் முதுகால் மாவில் கோடு கோடாக அழுத்துமாம்.

சீப்புக் கோடும் முள்கரண்டிக் கோடும் வெந்து உப்பின பிறகு எப்படித் தெரியும் ரோஜா? நான் சாவி அச்சையே போட்டிருந்தால் யாரும் மாற்றியிருக்க முடியாது. பத்திரமாக இருக்கட்டும் என்று புதிதாக ஓர் அச்சு வைத்தேன், அதுவே இன்னொருத்தியின் அச்சாகிவிட்டது. நான் இடிக்கிற மல்லாட்டை கொரகொரவென்று இருக்கும், பிஸ்கட்டை உடைத்தாலே தெரியும். அது மாவாக அரைத்ததால் பார்த்தும் தெரியவில்லை. பூசைக்கு முன்னால் யாரும் தின்றும் பார்க்கவில்லை. நம் பிள்ளைக்காக நான் செய்த பிஸ்கட்டை அவர்கள் வீட்டில் சப்பென்று இருக்கிறது என்று திட்டிக்கொண்டே தின்றிருக்கிறார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கிருஷ்ணவேணி அக்கா பயந்துபோய், "நான் உன்னச் சொல்லல கண்ணு" என்கிறது. விஷயத்தைச் சொன்னதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு இத்தனை நாள் எதுவும் தெரியாது. "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலயேம்மா, நல்லாயிருக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் அடுப்புப் பக்கம் போனார்.

நான் கையைக் கழுவிக்கொண்டுதான் பிசைந்தேன் ரோஜா. சல்லடையும் சரியானதுதான். ஒரு வருடம் என் கையை நானே சந்தேகப்பட்டேன். இன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனிமேல் பயம் இல்லாமல் டின்னைத் திறக்கலாம் என்று சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். குப்பையில் கொட்டிவிட்டாய் என்றாலும் பரவாயில்லை, வேறு சுட்டு அனுப்புகிறேன். அண்ணன் மதிய வண்டிக்கு வருவார். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அம்சவள்ளி

~

விழுப்புரம்
21 டிசம்பர் 2024, காலை

அண்ணிக்கு,

இவர் மதிய டியூட்டிக்குக் கிளம்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அதனால் சுற்றி வளைக்கவில்லை. அஸ்வினி பிஸ்கட் தின்றாள்.

வியாழக்கிழமை வந்த டின் நேற்று முழுக்க பீரோமேல் இருந்தது. நான் பிளவுஸ் தைத்துக்கொண்டே அதைப் பார்ப்பேன், அது என்னைப் பார்க்கும். குப்பையில் கொட்டலாம் என்று கையில்கூட எடுத்தேன். உங்கள் தையலைப் பார்த்தேன். அண்ணி, உங்களுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. கோணல் மாணலாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஓர் எறும்புகூட நுழைய முடியாமல் குத்திக் குத்தித் தைத்திருந்தீர்கள். இந்தத் தையலை நான் எந்தக் கடைக்குப் போட்டுக் கொடுத்தாலும் முகத்தில் விட்டெறிவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இந்த உலகத்தில் என்னைப்போலப் பயப்படுகிற இன்னொருத்தி இருக்கிறாள் என்று தோன்றியது. அப்புறம் ஏன் பீரோமேல் வைத்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

இன்றைக்குக் காலையில் இவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். டாக்டர் கொடுத்த மருந்து கையில், தெருமுனை ஆட்டோக்காரர் வாசலில். அவரிடம் காரணம் சொல்லவில்லை, டீ கொடுத்து உட்கார வைத்தேன். தையலைப் பிரித்து, முதலில் ஒரு துணுக்கு கொடுத்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பாதி கொடுத்தேன். பிறகு முழுசாக ஒன்று. "ஏம்மா என் வாயையே பாத்துக்கினு இருக்க, உனக்கும் வேணுமா?" என்று கேட்டாள். இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே விளையாடப் போய்விட்டாள். இதை எழுதும்போது வாசலில் அவள் கத்துகிற கத்தல் காதைக் கிழிக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

மல்லாட்டை எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலேயே போகட்டும். அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். இனிமேல் உங்களிடம் கேட்க மாட்டேன், நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்னது ஆத்திரத்தில் வாய் தவறி வந்தது இல்லை அண்ணி. உங்களுக்கு எது வலிக்கும் என்று தெரிந்து, தேடி எடுத்துச் சொன்னேன். அதற்கு நான் என்ன எழுதினாலும் பத்தாது. மன்னித்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை அண்ணனிடம்கூட இந்த வார்த்தையைச் சொன்னதில்லை, எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன்.

பிஸ்கட் அருமையாக இருந்தது. ஒன்று நானும் தின்றேன். இவர் அவசரத்தில் இரண்டு தின்றார். பல் ஆடவில்லை என்று சொல்லச் சொன்னார்.

ரோஜா

~

திண்டிவனம்
22 டிசம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை

ரோஜாவுக்கு,

நேற்று மதியம் பஸ் ஸ்டாண்டில் என் கடிதத்தை அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதே பையில் கையை விட்டு உன் கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். நின்ற இடத்திலேயே பிரித்தேன். செல்வகுமார் டீயை நீட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

தேதிக்குப் பக்கத்தில் காலை என்று நீ போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பேன். கிருஷ்ணவேணி அக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் தெரியாமலேயே கொடுத்திருக்கிறாய்.

தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்தபோது மனசு லேசானது உண்மைதான். ஆனால் அது வெறும் தட்டு மாறின கணக்கு. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பொம்பளை நின்றுகொண்டு அழுகிறாளே என்று யாரோ காசு தொலைத்துவிட்டாயாம்மா என்று கேட்டார்கள். இல்லைங்க, கிடைச்சிடுச்சுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மன்னிப்பு கேட்டிருந்தாய். அந்த வார்த்தை வலித்தது, இன்னும் கொஞ்ச நாள் வலிக்கும். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் நீ பிள்ளையை என் கையை நம்பி விட்டபோதே அதன் முனை ஒடிந்துவிட்டது.

இன்றைக்குப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், கோபத்தில் மாதா மேல் பண்ணின சத்தியத்தை எப்படி எடுப்பது என்று கேட்டேன். என்ன சத்தியம் என்றார். நாத்தனார் குரலைக் கேட்க மாட்டேன் என்று, சாமி என்றேன். சிரித்துவிட்டு, நாத்தனார் எப்படிப் பேசுவார் என்று கேட்டார். தெருவுக்கே கேட்கும் என்றேன். அப்படியானால் ஒரு வருடம் ஓய்வு எடுத்ததாக மாதா நினைத்துக்கொள்வார், மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் போம்மா என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜெபமாலை முழுசாகச் சொல்லிவிட்டேன்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போனில் கூப்பிடாதே. நாளைக்கு மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். போனில் பேசினால் பாதியில் அழுவேன், உன் முகம் தெரியாது. சண்டை போடுவதாக இருந்தாலும் நேரில் வந்து போடு. உன் அண்ணன் இப்போதே ரெண்டு பெண்களும் சேர்ந்துவிட்டால் தனக்குச் சோறு கிடைக்காது என்று பயப்பட ஆரம்பித்துவிட்டார்.

மாவு பிசையாமல் வைத்திருக்கிறேன். நீ வந்து தேய்த்துப் பழகு.

அம்சவள்ளி